பெட்டிமேல் நிற்பது யார்

1

கோவை காந்திபுரத்தில் மழைக்கு ஒதுங்கிய கடையில்தான் இந்தக் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. கிரைண்டர் கடை. கூரை முட்ட அட்டைப்பெட்டிகள். கம்பெனிகள் வேறு வேறு. பெட்டிமேல் சிரிக்கிற பெண் மட்டும் ஒரே ஜாடை. பட்டுச்சேலை, தலை கொள்ளாத மல்லிகை, விரலில் ஒரு பொட்டு மாவு கிடையாது. இவளை வரைந்த ஆள் யாராவது மாவாட்டுவதைப் பார்த்திருப்பாரா என்று நினைத்தேன். மழை விட்டது. நினைப்பு விடவில்லை.

2

ஆரம்பம், முதல் முயற்சி: வால்பாறையிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிய பஸ்ஸில் இளவேனிலுக்குக் குமட்டிக்கொண்டு

[வேண்டாம். பிறந்ததிலிருந்து அந்தப் பாதையில் போய்வருகிறவள். குமட்டுவது எனக்குத்தான்.]

இரண்டாவது: 1996. இளவேனில், கோவையில் விளம்பர ஓவியம் படிக்கிற எஸ்டேட் பெண். கடைசி வருஷம். ஏதாவதொரு கம்பெனியில் டிரெய்னிங் முடித்தால்தான் டிப்ளமோ கைக்கு வரும். (இன்டர்ன்ஷிப் என்ற சொல் அப்போது எங்கள் ஊர் வந்து சேரவில்லை.) ஏறி இறங்கிய இடமெல்லாம், "பொம்பளைப் புள்ளைக்கு இங்க தோதுப்படாதுங்க" என்றார்கள். ராம்நகர் மாடியில் சின்னதாக விளம்பரக் கம்பெனி நடத்திய மெஹராஜ் அக்கா மட்டும் அவள் படங்களைப் புரட்டிவிட்டு, "திங்கக்கெழம வந்துரு கண்ணு" என்றார்.

இது போதும் ஆரம்பத்துக்கு.

3

வந்த அன்றைக்கே வேலை. சுந்தரராஜுலுவின் கிரைண்டர் கம்பெனிக்குப் புதுப் பெட்டி. மெஹராஜுக்கு இருந்த ஒரே பெரிய வாடிக்கையாளர் அவர். அவரும் கைவிட்டால் ஆபீஸை இழுத்து மூட வேண்டியதுதான். சாயங்காலம் பார்க்க வருகிறார்.

"கிரைண்டரை நான் வரைஞ்சுபோட்டேன். பக்கத்துல ஒரு ஆளை நீ போடு," என்றார் மெஹராஜ். "மாவாட்டுற மாதிரி இருக்கோணும்."

ஆள் என்றுதான் சொன்னார். பெண் என்று சொல்ல வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

இளவேனில் முதலில் பெண்ணைத்தான் வரைந்தாள். சேலை வந்தது, சிரிப்பு வந்தது, கை வரவில்லை. மாவாட்டுகிற கை என்றால் அவள் கண்ணுக்குள் வந்தது ஒரே கைதான். கொழுந்து பறிக்கப் போகும் அம்மா வீடு திரும்ப இருட்டிவிடும். டீ ஃபேக்டரியில் ராத்திரி வேலை முடித்து வரும் அப்பா மாசாணம்தான் எஸ்டேட் லயன் வீட்டில் ஆட்டுக்கல் முன்னால் உட்காருவார். லுங்கியை மடித்துக் கட்டி, மாவை வழிக்கும்போது நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு.

அவரையே வரைந்தாள். நாக்கோடு.

[இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். முதல் நாளிலேயே இவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது? என் ஆசையை அவள் தலையில் ஏற்றுகிறேனா? தைரியமே இல்லை என்று பிறகுதான் விளங்கியது. தெரிந்த கையை வரைந்தாள். கையோடு ஆளும் வந்துவிட்டார்.]

4

மெஹராஜ் படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். அப்புறம் சிரிப்பு நின்றது.

"தப்புங்களாக்கா?"

"தப்பில்ல அம்மணி. ஆனா..." அவர் முடிப்பதற்குள் சுந்தரராஜுலுவும் அவர் மனைவி அம்புஜமும் படியேறி வந்துவிட்டார்கள்.

சுந்தரராஜுலு படத்தை எட்டப் பிடித்துப் பார்த்தார். "ஏனுங்க மெஹராஜ், ஆம்பளை மாவாட்டுறதைப் பொட்டிமேல போட்டா ஊரே சிரிக்குமுங்க. யாரு வரைஞ்சது?"

புதுப்பிள்ளை தெரியாமல் செய்துவிட்டது என்று மெஹராஜ் தப்பித்திருக்கலாம். அப்படி ஒரு வாக்கியம் எழுதி அடித்தும் வைத்திருக்கிறேன்.

"எங்க ஆபீஸ்ல வரைஞ்சதுங்க," என்றார் மெஹராஜ்.

இளவேனில் ஓரடி முன்னால் வந்தாள். "நான்தாங்க வரைஞ்சேன்."

அம்புஜம் படத்தைக் கையில் வாங்கினார். "இது யாரு கண்ணு?"

"எங்கப்பாங்க."

"நெசமாலுமே ஆட்டுவாரா?"

"தெனமுங்க. உளுந்து சரியாப் பொங்கலைன்னா அம்மாகிட்டத் திட்டும் வாங்குவாருங்க."

அம்புஜம் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு புருஷனைப் பார்த்தார். "இந்தப் பொட்டியை நான் வாங்குவேனுங்க. நீங்க ஆட்டுறதா இருந்தா."



5

முடிவு அ: சுந்தரராஜுலு தோற்றதை ஒப்புக்கொண்டு சிரிக்கிறார். பெட்டிமேல் மாசாணம் லாரி லாரியாக ஊர் ஊருக்குப் போகிறார். [சர்க்கரை தூக்கல்.]

முடிவு ஆ: பட்டுச்சேலைக்காரியே ஜெயிக்கிறாள். [நடப்பது பெரும்பாலும் இதுதான். அதனாலேயே எழுதக் கை வரவில்லை.]

முடிவு இ: மாசாணத்தையும் பட்டுச்சேலைக்காரியையும் கிரைண்டருக்கு இரு பக்கமும் நிறுத்தி, இருவரும் ஆட்டாமல் நம்மைப் பார்த்துச் சிரிக்க

[சே.]

பெட்டிமேல் யார் நிற்பது என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சுந்தரராஜுலு "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்று போய்விட்டார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்த ஒன்றை மட்டும் உங்களிடம் விடமாட்டேன்.

படியிறங்கிக்கொண்டிருந்த இளவேனிலை மெஹராஜ் மேலிருந்து கூப்பிட்டார். "ஏனம்மணி, நாளைக்கு வருவயில்ல?"

"வாரேனுங்கக்கா!"

தெருவில் போனவர் நிமிர்ந்து பார்க்கும்படி கத்திச் சொன்னாள். அது அவள் சொன்ன சொல். என் பேனாவுக்கும் அதில் வேலையில்லை.