இரண்டு தெரு தள்ளி

மாதம்மாவைக் காணவில்லை என்று நான் மூச்சிரைக்க வந்து சொன்னபோது, என் தங்கை பூவாத்தாள் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“பக்கத்துல எங்காச்சும் போயிருப்பாளுங்ணா. பொழுது உழுந்தா வந்துருவா.”

“ஆறு வயசுப் புள்ள அம்மிணி! காலைல சோறு தின்னுட்டுப் போனவ.”

“ஏனுங்ணா, உங்க மைசூர் மண்டி மொஹல்லாவுல புலி கிலி இருக்குதுங்களா?”

சிரித்தாள். பெற்றவள் சிரிக்கிறாள்.

ஹனூரில் பஸ்ஸை விட்டு இறங்கி மலை ஏறினால், இருட்டுவதற்குள் போய்ச் சேரலாம் என்ற இடத்தில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தோம். அங்கே ‘பக்கம்’ என்றால் அரைநாள் நடை. மாதம்மா அடுத்த மேடுவரை தனியாக ஆடு ஓட்டிப் போவாள். பள்ளிக்கூடம் அதற்கும் அப்பால். அதனால்தான் பிள்ளையை மைசூரில் என்னிடம் விடச் சொன்னேன். என் வீட்டு வாசலில் நின்றால் பள்ளிக்கூட மணி கேட்கும். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று பூவாத்தாள் வந்திருந்தாள். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

மார்க்கெட், ரயில் நிலையம், போலீஸ் ஸ்டேஷன் என்று அலைந்து நான் வெறுங்கையோடு திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. பூவாத்தாள் எழுந்தாள். மொட்டை மாடிக்குப் போய், இரண்டு கைகளையும் வாயில் குவித்து, “மாதேய்...” என்று கூப்பிட்டாள்.

அவள் ஊரில் அப்படித்தான். பிள்ளைக்குக் கேட்காவிட்டால், இடையில் இருக்கிற யாராவது அந்தக் குரலை வாங்கி அடுத்த மேட்டுக்குக் கூப்பிடுவார்கள். பதில் அதே வழியில் திரும்பி வரும். காதில் கையை வைத்து அவள் காத்து நின்றாள். கீழே லாரிகளும் சைக்கிள் மணிகளும். மறுபடி கூப்பிட்டாள். எதிர் மாடியில் ஒரு பெண் ஒரு கணம் பார்த்துவிட்டு, காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“அவங்களுக்குக் கேட்டுதல்லங்ணா? ஏன் எடுத்துச் சொல்லல?”

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

இரண்டு தெரு தள்ளி, ஒரு வெல்ல மண்டியில், சாக்குமூட்டைமேல் மாதம்மா உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம். பூவாத்தாள் அவளை வாரி அணைத்துக்கொண்டாள்.

“நீங்கதான் அம்மாவா?” என்றார் கடைக்காரர் சுப்பையா. “எல்லா வீடும் ஒண்ணு மாதிரி இருக்குதுன்னு அழுதுது. யாரு மகள்னு கேட்டா, ‘பூவாத்தா புள்ள’ன்னே சொல்லுது. கடைகடையாக் கூட்டிட்டுப் போனேன், யாருக்கும் கொத்தில்ல, தெரியாதுன்னுட்டாங்க. ஸ்டேஷனுக்குப் போகலாம்னு இப்பத்தான் எழுந்தேன்.”

பூவாத்தாள் தெருவின் மேல் கோடியைப் பார்த்தாள். கூரைகளுக்கு நடுவே எங்கள் மாடி தெரிந்தது. கொடியில் அவளுடைய சேலை ஆடிக்கொண்டிருந்தது.

“மாமன் பேரச் சொல்றதுதானே கண்ணு?”

“சொன்னேன். சென்னிமலை மாமன்னு சொன்னேன்.”

“ஆமாம்மா, சொல்லிச்சு” என்றார் சுப்பையா. “அதையும் விசாரிச்சேன். அந்தப் பேருல யாரும் இந்தப் பக்கம் இல்லையே.” பிறகு என் பக்கம் திரும்பினார். “சார் யாரு? எந்த ஊரு?”

பத்து வருஷத்துக்கு மேலாக அந்தக் கடையைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போகிறேன்.

பூவாத்தாள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. எங்கோ தூரத்தில் வருகிற ஆளை இன்னார் என்று கண்டுகொள்ளப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“காலைல மொதல் பஸ்ஸுக்குக் கெளம்பறமுங்ணா.”

“பள்ளிக்கூடம்?”

“மலையத் தாண்டியே போய்ப் படிக்கட்டும். அங்கிட்டு இவ யாருன்னு யாருமே கேக்க வேண்டியதில்லீங்ணா.”