நடைப்பிணங்களின் வரிசையில் சித்தப்பா

திரையில் சாம்பல் பூசிய முகங்கள் காலை இழுத்து இழுத்து வந்தன. செத்தவர்கள் எழுந்து தோட்டத்து வேலைக்குப் போவார்கள் என்று மலையடிவாரத்து மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதையைப் பற்றிய ஆவணப்படம் அது. தொகுக்கும் பொறுப்பு அவளுடையது. வரிசையின் நடுவில், வாயைக் கோணிக்கொண்டு வந்த பிணத்தைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

சித்தப்பா! பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். யாரிடமும் மூச்சுவிடாமல் போய் நடித்துவிட்டு வந்திருக்கிறார்.

சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. படத்தை முதலிலிருந்து ஓடவிட்டாள். பேராசிரியர்கள் பேசினார்கள். நாவலாசிரியர் ஒருவர் பேசினார். ஒப்பனைக்காரர்கூடப் பேசினார். கதைக்குச் சொந்தக்காரர்கள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அவளும் அந்தத் தோட்டத்துக் கூலிக்காரர்களின் வம்சம்தான். அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை, அவளும் சொல்லிக்கொண்டதில்லை.

தயாரிப்பாளர் எட்டிப் பார்த்தபோது கேட்டுவிட்டாள். "சார், இதுல அந்த ஊர் ஆளுங்க யாருமே இல்லையே?"

"ஏம்மா இல்ல? கூட்டம் கூட்டமா வர்றாங்களே! எல்லாத் தரப்பும் படத்துல இருக்கணும்னு சேனல்ல கறாரா சொல்லிட்டாங்க. அதுக்குன்னே வரவழைச்சோம்."

"இருக்காங்க சார். எல்லாரும் பொணமா இருக்காங்க."

சிரிக்க வாயெடுத்தவர் அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். "சரி, பேசுறதுக்கு யாராவது கிடைப்பாங்களா?"

"எங்க சித்தப்பாவைக் கேட்டுப் பாக்குறேன்."

சித்தப்பா லேசில் மசியவில்லை. "பொணமா நடக்கச் சொன்னாங்க, நடந்தேன். பேசுறதுக்கு நான் என்ன பெரிய இவனா?"

"நீங்க வாயைத் திறக்கலைன்னா உங்களுக்கும் சேத்து வேற யாரோ பேசிட்டுப் போறாங்க சித்தப்பா."

இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். விளக்குகளின் முன் உட்கார்ந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. "அந்தப் பேய்க்கதையைச் சொல்லுங்க" என்றார் இயக்குநர். தொடங்கினார், தடுமாறினார், தண்ணீர் கேட்டார். பிறகு காமிராவை விட்டுவிட்டு அவளைப் பார்த்துப் பேசினார்.

"உங்க தாத்தா செத்தப்போ எனக்கு வெவரம் தெரியாத வயசு. விடிஞ்சதும் தோட்டத்துக்கு ஆள் கூப்பிடுற மேஸ்திரி வந்து நின்னான். ஆள் இன்னும் கிளம்பலையான்னான். செத்துட்டாருன்னு எங்கம்மா சொன்னா. அவன் நம்பல. உள்ள வந்து, போர்வையைத் தூக்கி, கன்னத்துல தட்டி, 'ஏய், எழுந்திரு'ன்னான். நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். சாமி, எங்கப்பா எழுந்திரிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். பெத்த புள்ள வேண்டுற வேண்டுதலா அது? எங்காளுங்க பொணத்துக்குப் பயந்தவங்க இல்லம்மா. செத்தப்புறமும் எழுப்பி வேலைக்கு இழுத்துட்டுப் போயிடுவாங்களோன்னுதான் பயந்தாங்க."



தொகுக்கும்போது அந்தப் பேச்சுக்கு அடியில் திகில் இசை வேண்டும் என்று இயக்குநர் பிடிவாதம் பிடித்தார். ஒரு சத்தமும் கூடாது என்று அவள் மல்லுக்கு நின்றாள். கடைசியில் தயாரிப்பாளர் அவள் பக்கம் சாய்ந்தார். பேராசிரியர்கள் குறைந்தார்கள், சித்தப்பா முழுசாக இருந்தார். ஆனால் சாம்பல் முகங்களின் ஊர்வலத்தை எடுக்க முடியவில்லை. முன்னோட்டத்தில் அது ஏற்கெனவே வெளியாகிவிட்டது. பாதிக் கிணறு தாண்டிய கதைதான்.

ஒளிபரப்பான அன்று சித்தப்பா வீட்டில் கூடினார்கள். வாயைக் கோணிய பிணம் வந்ததும் சித்தி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "வேஷமே போடத் தேவையில்லையே இவருக்கு!"

பிறகு அவர் பேசும் இடம் வந்தது. சித்தியின் சிரிப்பு மெல்ல மெல்லக் கரைந்தது. பேச்சு முடிந்ததும் அவர் பக்கம் திரும்பினாள்.

"இத்தனை வருஷம் கூடவே இருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே."

சித்தப்பா தரையைப் பார்த்தார். "சொன்னா அழுதுடுவேன்னுதான்..."

சித்தி எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். படம் அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.