ஆணியில்லாத கூரை

குனோங் ராபாட்டில் பாஸ்கலும் ஜுபைரும் சேர்ந்து ஒரு மரப்பட்டறை நடத்தினார்கள். பாஸ்கல் கணினியில் வரைவான். ஜுபைர் அந்தப் படத்தை இயந்திரத்தில் ஏற்றி மரத்தை வெட்டுவான். பத்து காஜா ஊர்ப் பக்கம், மூடிப்போன ரப்பர் தோட்டத்தில் இருந்த சிற்றாலயத்தின் கூரையைக் கறையான் தின்றுவிட்டது. கோயில் திருவிழாவுக்குள் புதுக் கூரை போடும் வேலை இவர்களுக்கு வந்தது. பாஸ்கல் ஞானஸ்நானம் பெற்ற கோயில் அது. ஆணியோ இரும்போ இல்லாமல், ஒரு மரத்தின் நாக்கு இன்னொன்றின் துளைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும்படி ஒவ்வோர் இணைப்பையும் வரைந்தான். பட்டறையில் சேர்த்துப் பார்த்தபோது, மரச்சுத்தியலால் லேசாகத் தட்டியதுமே நாக்கு உள்ளே இறங்கியது. இருவரும் சத்தம் போட்டுச் சிரித்தார்கள்.

மரம் தோட்டத்துக்குப் போய் இறங்கிய வாரம், பாஸ்கலின் மனைவி ரோசரிக்குப் பினாங்கில் பிரசவம். அவன் அங்கே இருந்தான். இங்கே காற்றும் மழையும் மரத்தை மூடியிருந்த தார்ப்பாயைப் பிய்த்துக்கொண்டு போயின. நனைந்த நாக்குகள் ஊதிவிட்டன. ஒன்றுகூடத் துளைக்குள் போகவில்லை.

“காயட்டும் மச்சான், கை வெச்சிராத,” என்றான் பாஸ்கல் போனில். “திருவிழாவுக்கு டெண்ட் போட்டுக்கலாம்.”

“சரிலா,” என்றான் ஜுபைர்.

ஆனால் கூரையைத் தூக்கி வைக்க கிரேன் வந்துவிட்டது. கோயில் குழுத் தலைவி நவமணி அக்கா கண்கலங்கினார். “தோட்டத்த விட்டுப் போனவங்க எல்லாரும் புந்தோங்லேருந்து வாராங்க தம்பி. புதுக் கூரைக்குக் கீழதான் பூசைன்னு சொல்லிட்டேனே.”

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுக்க ஜுபைரால் முடியவில்லை. நாக்குகளை இழைத்துச் சிறிதாக்கினான். மாலைக்குள் கூரை ஏறியது.

அடுத்து அடித்த வெயிலில் மரம் காய்ந்து சுருங்கியது. இழைத்த இணைப்புகள் எல்லாம் தளர்ந்தன. காற்றடித்தால் கூரை முனகியது. இரும்புத் தகடு வைக்காமல் யாரும் கீழே நிற்கக்கூடாது என்று சொல்லிவிட்டார் சோதிக்க வந்த பொறியாளர். ஜுபைரே ஏணியில் ஏறி, ஒவ்வோர் இணைப்பிலும் தகடு வைத்து போல்ட்டை முடுக்கினான்.

திருவிழாவுக்கு பாஸ்கல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தான். வெகுநேரம் அண்ணாந்து பார்த்தபடி நின்றான்.

“கழட்டிட்டு மறுபடி வெட்டிடலாம் மச்சான். நானே செய்றேன்,” என்றான் ஜுபைர்.

“வேணாம்லா. சனங்க சந்தோசமா உக்காந்திருக்காங்க, விடு.”

திட்டியிருந்தால்கூட ஜுபைர் தாங்கியிருப்பான். பாஸ்கல் நேராக நவமணியிடம் போய், “எல்லாம் ஜுபைரோட உழைப்பு அக்கா,” என்றான். ஜுபைர் வெளியே போய், லாரிக்குப் பின்னால் நின்று அழுதான்.

ஆண்டு முடிவதற்குள் பாஸ்கல் பினாங்கில் வேலை தேடிக்கொண்டான். சண்டை எதுவும் இல்லை. ஜுபைர் இப்போது யார் யாரோ அனுப்பும் படங்களுக்குச் சமையலறை அலமாரிகள் வெட்டிக் கொடுக்கிறான். ஞாயிறுதோறும் இருவரும் போனில் பேசுகிறார்கள். குழந்தைக்குப் பல் முளைத்தது, ரோசரி மறுபடி வேலைக்குப் போவது எல்லாம் பேச்சில் வரும். அந்தக் கூரையைப் பற்றி ஒருமுறையாவது கேட்கமாட்டானா என்று ஜுபைர் காத்திருக்கிறான். பாஸ்கல் கேட்பதில்லை.