கறுப்பில் கறுப்பு

அந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை டைப்பம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். காது கேளாத நோயாளிகள் டாக்டரைப் பார்க்க வந்தால், பக்கத்தில் உட்கார்ந்து, அறையில் யார் என்ன பேசினாலும் உடனுக்குடன் கம்ப்யூட்டரில் அடித்துக் காட்டுவது அவள் வேலை. திரை பாதி நோயாளியின் பக்கமும் பாதி அவள் பக்கமும் திரும்பியிருக்கும். டாக்டர் தும்மினால் அதையும் அடிக்க வேண்டும் என்று சொல்லிச் சிரிப்பாள். அது முழுப் பொய்யும் இல்லை.

அந்த வேலைக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. நோயைப் பற்றித் தானாக ஒரு வார்த்தை எழுதக் கூடாது, முகத்திலும் எதையும் காட்டக் கூடாது. இவளுக்கு முன்னால் இருந்த பெண், டாக்டர் பேசிக்கொண்டிருக்கும்போது கைப்பேசியில் வந்த ஏதோ வேடிக்கையைப் பார்த்துச் சிரித்துத் தொலைத்தாளாம். எதிரே இருந்த நோயாளி தனக்கு ஒன்றுமே இல்லை என்று முடிவு கட்டி, மாத்திரையை எல்லாம் குப்பையில் போட்டுவிட்டாராம். அன்றைக்கு வந்த விதி. ஆறு வருஷமாக டைப்பம்மா அதை அட்சரம் பிசகாமல் காப்பாற்றி வந்தாள். காப்பாற்றிக் காப்பாற்றி வீட்டிலும் அதே முகம் ஒட்டிக்கொண்டது. "உன்னைச் சீட்டாடக் கூட்டிட்டுப் போனா நாம பணக்காரங்க ஆயிடலாம்" என்பார் அவள் கணவர். அதற்கும் அவள் முகம் மாறாது.

அன்று காலை வந்தவர் ஒரு பெயிண்டர். அறுபது வயதிருக்கும். நகக்கண்ணில் பச்சை பெயிண்ட் ஒட்டியிருந்தது. நடுவயதில் வந்த ஒரு காய்ச்சலில் காது இரண்டும் போய்விட்டன. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் வித்தையும் அவருக்குக் கைகூடவில்லை. பேச்சு மட்டும் அப்படியே இருந்தது, கொஞ்சம் உரத்து. கழுத்தில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி. போன வாரம் அதிலிருந்து ஊசியால் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். இன்று முடிவு சொல்லும் நாள்.

டாக்டர் இன்னும் வரவில்லை. பயந்தவன் வாய் சும்மா இருக்காது.

"வீட்ல சொல்லலம்மா. பெயிண்ட் கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். ஊர் வீட்டுக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சவன், என் வீட்டு முன்ரூம் சுவரு பதினோரு வருஷமா உதிருது. அவ சொல்லிச் சொல்லி வாய் வலிச்சு விட்டுட்டா. இன்னிக்கு திடீர்னு கலர் பாக்கப் போறேன்னு கெளம்புனா அவளுக்கு சந்தேகம் வருமா வராதா?"

வரும் என்றுதான் டைப்பம்மாவுக்கும் தோன்றியது. முகத்தில் காட்டவில்லை.

அவர் திரையைப் பார்த்துக் கண்ணைக் கசக்கினார். அவள் அடிப்பதெல்லாம் திரையில் ஒரு ஜன்னலுக்குள் வரும். வெள்ளை ஜன்னல், கறுப்பு எழுத்து. எல்லா நோயாளிக்கும் வழக்கமாக வரும் வணக்க வரிகள். "கண்ணு கூசுதும்மா. சுண்ணாம்பு தெறிச்சுத் தெறிச்சு வெள்ளையைப் பாத்தாலே தண்ணி வருது. கறுப்பா ஆக்க முடியுமா?"

முடியும். கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் ஒருமுறை சொல்லிக் கொடுத்திருந்தார். ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறம் மாற்றிக்கொள்ளலாம், நிறுத்த வேண்டியதில்லை. நிறுத்தவும் கூடாது. ஜன்னலை மூடினால் அதுவரை அடித்தது எல்லாம் அழிந்துவிடும். நோயாளியின் ரகசியம் தங்கக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தார்கள். அவள் பட்டியலைத் திறந்தாள். 'ஜன்னல் நிறம்', 'எழுத்து நிறம்' என்று இரண்டு தனித்தனியாக இருந்தன. முதலாவதில் கறுப்பைத் தொட்டாள்.

திரை சட்டென்று கறுத்தது. வணக்க வரிகள் கறுப்பில் கறுப்பாகக் காணாமல் போயின. சரி, இனி எழுத்து நிறம் என்று அவள் கையை நகர்த்தவும், கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டர் உள்ளே வரவும் சரியாக இருந்தது.

அவர் உட்காரும் ஜாதி இல்லை. நின்றபடியே பேச ஆரம்பித்துவிடுவார். டாக்டர் வாயைத் திறந்தால் டைப்பம்மாவின் பத்து விரலும் தானாக விசைப்பலகைக்குப் போய்விடும். ஆறு வருஷப் பழக்கம், மூளையைக் கேட்காது. அவள் அடித்தாள்.

"இந்த ஃபேனை யாரு இவ்ளோ வேகமா வெச்சது? பெரியவரே, உங்க ரிப்போர்ட் வந்துடுச்சு. புத்துநோய் இல்ல. சாதாரண கட்டிதான். பயப்பட ஒண்ணுமே இல்ல. மாத்திரை எழுதுறேன், மூணு மாசம் கழிச்சு வந்து காட்டுங்க."

கதவில் ஒரு நர்ஸ் தலை நீட்டினாள். "டாக்டர், ஆபரேஷன் தியேட்டர்ல அவசரமா கூப்பிடுறாங்க."

"தோ வந்துட்டேன். பெரியவரே, பத்து நிமிஷம் இருங்க."

போயே போய்விட்டார். டாக்டர் ஒரு நாளைக்கு நூறு பேரிடம் பேசுகிறவர். நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் அவர் வாயில் ஒரே மாதிரிதான் வரும்.

டைப்பம்மாவின் நெஞ்சு நிறைந்துபோயிருந்தது. புற்றுநோய் இல்லை. ஆறு வருஷத்தில் எத்தனையோ முறை அந்த வார்த்தையை 'இல்லை' இல்லாமலும் அடித்திருக்கிறாள். சந்தோஷமாகத் திரும்பினாள். திரும்பிய பிறகுதான் கவனித்தாள். திரையில் ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை.

பெயிண்டருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். டாக்டர் வந்தார், உட்காரக்கூடச் செய்யாமல் ஏதோ சொன்னார், ஓடிவிட்டார். இந்தப் பெண் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு அடித்தாள். ஆனால் எதையும் காட்டவில்லை. கறுப்பாக்கச் சொன்னதையே சாக்காக வைத்து, காட்ட மனசு வராமல் எழுத்தை மறைத்துவிட்டாள்.

"வேணாம்மா" என்றார். குரல் தணிந்திருந்தது; அவருக்கே அது தெரிந்திருக்காது. "காட்ட வேணாம். புரிஞ்சு போச்சு."

அவள் கையை நீட்டி, பொறுங்கள் என்று சைகை செய்தாள். அதை அவர் ஆறுதல் என்று எடுத்துக்கொண்டார். தலையை ஆட்டிவிட்டு முழங்கைகளை மேஜைமேல் ஊன்றி, இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணை மூடிக்கொண்டார்.

காது கேளாதவர் கண்ணையும் மூடிக்கொண்டால் அவரிடம் சேதி சொல்ல வழி ஏது? கூப்பிட்டால் கேட்காது, எழுதினால் தெரியாது. நல்ல செய்தி அவர் மூக்குக்கு ஒரு முழம் தள்ளி இருட்டில் உட்கார்ந்திருந்தது. டைப்பம்மாவுக்கு அழுகையாக வந்தது, தன்மேலேயே ஆத்திரமாகவும் வந்தது. இரண்டு நொடி கையை நிறுத்தி எழுத்து நிறத்தை மாற்றியிருக்கக் கூடாதா? அந்த விரல்களை என்ன செய்தால் தகும்?

பட்டியலைத் திறந்தாள். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். அம்புக்குறி வழுக்கி 'எழுத்து அளவு' என்பதில் போய் நின்றது. மூடினாள். மறுபடி திறந்தாள். எழுத்து நிறம். கை தவறிக் கருநீலத்தில் பட்டுவிட்டது. கறுப்புக்குள் ஏதோ நெளிவது போல இருந்ததே தவிர படிக்க முடியவில்லை. நல்லவேளை, ஓடும்போதே எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று வைத்த புண்ணியவான் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அடுத்த வரிசையில் மஞ்சள். தொட்டாள்.

ஒரு நொடியில் எல்லா எழுத்தும் பளிச்சென்று எழுந்து நின்றன. வணக்கம், ஃபேன், ரிப்போர்ட், நர்ஸ், எல்லாம்.

பெயிண்டர் கையை எடுக்கவில்லை. டைப்பம்மா எழுந்து, மேஜையை உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். பேனா உருண்டு கீழே விழுந்தது. அதிர்வு முழங்கையில் ஏற, அவர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். அவள் திரையை முழுசாக அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் மெதுவாகப் படித்தார். ஃபேன் வரியில் புருவத்தைச் சுருக்கினார். அடுத்த வரிக்கு வந்தார். அங்கேயே நின்றார். விரலைத் திரையில் வைத்து, ஒவ்வொரு வார்த்தையாகத் தடவிக்கொண்டு மறுபடி படித்தார்.

"இது எனக்குத்தானா?" என்றார். "பேரு எதுவும் போடலியே. வேற யாரோ பெரியவருக்குச் சொன்னதா இருக்கப் போகுது."

டைப்பம்மா பலகையின்முன் உட்கார்ந்தாள். விதி நினைவில் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். ஆறு வருஷத்தில் முதல்முறையாக அந்த ஜன்னலில் தன்னுடைய சொந்த வாக்கியத்தை அடித்தாள்.

"உங்களுக்குத்தான் ஐயா. எழுத்து கறுப்பா இருந்ததால தெரியல. தப்பு என்னோடது."

பெயிண்டர் அதையும் படித்தார். நாற்காலியில் சாய்ந்தார். போன உயிர் திரும்பி வந்தவர் எப்படி மூச்சு விடுவாரோ அப்படி ஒரு மூச்சு விட்டார். பிறகு சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தொழில்காரர் பார்வையால் திரையைப் பார்த்தார்.

"கறுப்பு மேல கறுப்பு அடிச்சா என்னிக்குத் தெரியும்? எங்க தொழில்ல புதுசா வந்த பையன்கூட அடிக்க மாட்டான்" என்றார். "இந்த மஞ்சள் நல்லா எடுக்குது. தூரத்துலேருந்தும் தெரியும்."

அப்போது டாக்டர் திரும்பி வந்தார். எதையோ சொல்ல வாயைத் திறந்தவர், அவளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன டைப்பம்மா, சிரிக்கிறீங்க?"

அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. ஆனால் அறையில் யார் என்ன பேசினாலும் அடிக்க வேண்டும் அல்லவா? விரல்கள் பலகைக்குப் போயின. திரையில், கடைசி வரியாக, அவள் குற்றம் மஞ்சளில் வந்து நின்றது. "என்ன டைப்பம்மா, சிரிக்கிறீங்க?"

பெயிண்டர் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"சிரிக்கட்டும் டாக்டர். கொஞ்சம் முன்னாடியே சிரிச்சிருந்தாங்கன்னா நான் ஒருவாட்டி செத்துப் பொழைச்சிருக்க மாட்டேன்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. மருந்துச் சீட்டை எழுதி நீட்டினார். பெயிண்டர் அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். கதவுவரை போனவர் திரும்பினார்.

"அந்த ஜன்னலை இப்பவே மூடிடாதம்மா, நான் வெளிய போற வரைக்கும் இருக்கட்டும். பெயிண்ட் கடைக்குப் போறேன்னு வீட்ல பொய் சொல்லிட்டேன், இப்ப நெசமாவே போய்த்தான் ஆகணும். அந்த மஞ்சளை இன்னொரு தடவை பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். அவர் படி இறங்கிப் போன பிறகும் டைப்பம்மா ஜன்னலை மூடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். அடுத்த நோயாளி வந்து நாற்காலியை இழுத்த பிறகுதான் மூடினாள்.