பன்றிக் காதில் இருந்த வம்சம்

மாசசூசெட்ஸ் மலையோரச் சிற்றூர் ஒன்றில், முன்னூறு வருஷத்துக்கு முன் காட்டை வெட்டி மக்காச்சோளம் விதைத்த ஒபதாயா கோல்பர்னுக்கு நினைவுக் கல் நாட்டப் போகிறார்கள். கல்லில் அவருடைய பிள்ளைகள் பெயர் வரும். அசகேல் பெயர் மட்டும் வராது. அந்த அசகேல் வழியில் வந்தவள்தான் ஹெஸ்டர் கோல்பர்ன். அதே நிலத்தில் இன்றும் மாடு கறப்பவள்.

கல் நாட்டும் முன்னோர் சங்கத்திடமிருந்து அவளுக்கு வந்த கடிதம் மரியாதை சொட்டச் சொட்டச் சொன்னது: ‘அசகேல் கூலியாளாக வந்து, எசமானின் பெயரைச் சூட்டிக்கொண்டவராக இருக்கலாம். ஞானஸ்நானப் பதிவு இல்லை.’ பதிவு எப்படி இருக்கும்? அந்தக் காலத்துத் தேவாலயமே எரிந்துபோயிற்றே! கடிதத்தின் தலையில் தங்க நிறச் சிங்கம் ஒன்று, ஒபதாயாவின் குலச்சின்னமாம். அவர் வாழ்நாளில் பார்த்தது கரடியும் ஓநாயும்தான்.

ஹெஸ்டர் சாணி பூட்ஸோடு நகர அலுவலகத்துக்குப் போனாள்.

எழுத்தர் டார்கஸ் சிரித்தாள். “என்னக்கா, ஆரை அடிக்கப் போறே?”

“சங்கத் தலைவர் லைமன் தாக்ஸ்டனை. அதுக்கு முந்தி பழைய காதுக்குறிப் புத்தகத்தை எடு.”

அந்தக் காலத்தில் ஊர்ப் பன்றிகளெல்லாம் ஒரே காட்டில் மேயும். யாருடையது எது என்று தெரிய, ஒவ்வொரு குடும்பமும் காதில் தனி வெட்டு வைத்து நகரப் புத்தகத்தில் பதியும். ஒருவன் குறியை இன்னொருவன் தொட முடியாது. அப்பன் செத்தால் மகனுக்குப் போகும்.

நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது: ‘இடக்காதில் பிளவு, வலக்காதின் அடியில் அரைவட்டம். காலமான ஒபதாயா கோல்பர்னின் குறி; இப்போது அவர் மகன் அசகேலுக்கு.’

டார்கஸ் அந்தப் பக்கம் முழுவதையும் நகலெடுத்து, முத்திரை குத்திக் கொடுத்தாள்.

சனிக்கிழமை இப்போதைய தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சங்கம் கூடியது. சிங்கம் பொறித்த கழுத்துப்பட்டையோடு தலைவர் லைமன் நகலைச் சுட்டுவிரலால் தள்ளினார்.

“ஹெஸ்டர், உன் ஆதங்கம் புரியுதும்மா. ஆனா சங்கத்துக்குன்னு ஒரு தரம் இருக்குல்ல? பன்றிக் காதை வச்சு வம்சம் சொல்றதா?”

“அந்தப் பன்றியைத் தின்னுதான் உன் வம்சமும் என் வம்சமும் குளிர்காலம் தாண்டுச்சு, தலைவரே. சிங்கத்தையா உப்புல ஊறவச்சாங்க?”

பின்வரிசையில் யாரோ டோனட்டோடு சேர்த்துச் சிரிப்பையும் விழுங்கினார்கள்.

“‘மகன்’னு அந்தக் கால நகர எழுத்தர் கைப்பட எழுதியிருக்காரு. எங்க ஆளைக் கூலியாளுன்னு எழுதினியே, அதுக்கு உன்கிட்ட என்ன எழுத்து இருக்கு?”

லைமன் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார். “சரி, கல்லோட பின்பக்கம், சின்ன எழுத்துல...”

ஹெஸ்டருக்குக் காது மடல் வரை சூடேறியது. நிலத்தை உழுதவன் பின்பக்கம், சிங்கம் முன்பக்கமா?

“அதே பக்கத்துல அடுத்த வரியில உன் முப்பாட்டனும் இருக்காரு, வாசிக்கட்டுமா? ‘எஸ்ரா தாக்ஸ்டன், கோல்பர்ன் பன்றிகளின் காதை மறுபடி வெட்டித் தன் குறியாக்கியதற்காக...’”

“முன்பக்கம்!” என்றார் லைமன். “முன்பக்கமே போடலாம். எழுதிக்கோங்க செயலாளரே, எழுதிக்கோங்க!”

செயலாளர் எழுதினார். ஹெஸ்டர் எட்டிப் பார்த்து, அசகேல் என்று சரியாக எழுதியிருப்பதை உறுதி செய்துகொண்டாள். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அடுத்த வரியை முழுசாக, நிறுத்தி நிறுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.