பத்துகளின் இடம்

நாத்தனார் அந்தக் கையை அவர் தலையிலிருந்து எடுத்தால் தேவலை. வாயைத் திறந்து சொல்லிவிடலாம். ஆனால் புருஷன் போன அன்றைக்கே நாத்தனாரோடு மல்லுக்கு நிற்கிறாள் என்பார்கள். அவள் வாயை மூடிக்கொண்டு அவருடைய சட்டைக்குப் பொத்தான் போட்டாள். அவரே தைத்த சட்டை. பக்கவாதத்தில் விழுந்த வலது கையை மடக்கி அந்தச் சட்டைக்குள் நுழைக்க ஏழு மாதமாக அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

நாத்தனார் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தம்பியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். வருகிறவர்கள் முதலில் அவளிடம்தான் போனார்கள். எதிர்வீட்டுக்காரி, ஏழு மாதமாகத் தம்பியைப் பேச வைத்ததே நீங்கள்தான் என்று சொல்லியே விட்டாள்.

உண்மைதான். பேச்சு போய்விட்ட அவருக்கு மருத்துவமனையில் பயிற்சி கொடுத்த பெண், சிலருக்கு வார்த்தை வராவிட்டாலும் எண் வரும், தினமும் சின்னச் சின்னக் கணக்காகப் போட வையுங்கள் என்று சொல்லியிருந்தாள். அஞ்சலகக் கவுண்டரில் முப்பது வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்ற நாத்தனார் அதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டாள். பத்து மணிக்கெல்லாம் வந்து நோட்டைப் பிரித்துவிடுவாள். சமையலறையில் நின்று இவள் காதைத் தீட்டிக்கொள்வாள். ஏழும் எட்டும் எவ்வளவு என்று நாத்தனார் கேட்பாள். பிறகு ஒரு சத்தமும் இருக்காது. இவள் ஒரு பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். அதற்கப்புறம் அவர் குரல் வரும்.

"பதினஞ்சு. அஞ்சைப் போட்டு, மீதி ஒண்ணு."

துடைத்துவிட்டது, ஊட்டிவிட்டது, ராத்திரியில் நாலு தடவை எழுந்து புரட்டிப் படுக்க வைத்தது எல்லாம் இவள். இவளுக்குக் கிடைத்தது ஒரு 'ம்'. பதினைந்தும் மீதி ஒன்றும் நாத்தனாருக்கு.

அறுபது வயதில், புருஷனின் கூடப் பிறந்தவள் மேல், அதுவும் ஒரு கூட்டல் கணக்குக்காகப் பொறாமை என்று நினைக்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் வயிறு எரிந்தது.

போன மாதம் நாத்தனார் தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது இவள் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆறு நாள் போட்டும் அவர் ஓர் எண்கூடச் சொல்லவில்லை. ஏழாம் நாள் திரும்பி வந்த நாத்தனார் கதவருகில் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"கேட்ட வாய மூடறதுக்குள்ள பதிலையும் நீயே சொல்லிடுற. அப்புறம் அவன் எப்ப சொல்லுவான்? கடையிலயும் இதே கதைதான உனக்கு."

அவருடைய தையற்கடையில் அப்படித்தான். துணி எப்போது கிடைக்கும் என்று யாராவது கேட்டால், கழுத்தில் அளவு நாடாவோடு அவர் யோசிப்பதற்குள் இவள் வெள்ளிக்கிழமை என்றுவிடுவாள். அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. அவர் சிரமப்படக் கூடாதே என்றுதான் இவள் செய்தாள். நாத்தனார் சிரித்ததற்காகக் கோபம் வந்தது. சொன்னது சரியாக இருந்ததற்காக இன்னும் கொஞ்சம் வந்தது.

நேற்று நாத்தனாருக்குத் தலைவலி, வரவில்லை. சாயங்காலம் இவள் நாற்பத்து மூன்றிலிருந்து பதினேழைக் கழிக்கும்படி எழுதி நோட்டை அவர் மடியில் வைத்தாள். இடது கையில் பென்சிலைக் கொடுத்தாள்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மூணுல ஏழு போகாது," என்றார்.

இவள் முந்தானையை வாயில் கவ்விக்கொண்டாள்.

"பக்கத்துல ஒண்ணு வாங்கி... பதிமூணு."

அதோடு நின்றுவிட்டார். ஆறு, ஆறு என்று இவள் நாக்கு துடித்தது. தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்தன. யாரோ வீட்டு வாசலில் சைக்கிளைச் சாத்தினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

"ஆறு," என்றார். கோணலாக எழுதினார். நிமிர்ந்து இவளைப் பார்த்தார். பிறகு தலையைச் சாய்த்துக்கொண்டார். மிச்சத்தை நாளைக்குப் போடலாம் என்று இவள் நோட்டை மூடி வைத்தாள். விடிந்து தொட்டபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

இப்போது மயானத்துக்குப் போகும் வண்டி வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. நாத்தனார் உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தாள். அவனோடு அனுப்பிவிடலாம் என்றாள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டியவள் கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"இது யார் போட்டது?"

"நான்தான். நேத்து."

"அவனா சொன்னான்? நீ சொல்லலையே?"

அவர்தான் என்று இவள் தலையை ஆட்டினாள்.

நாத்தனார் அந்த ஆறின் மேல் விரலை வைத்தாள். "கழித்தல் வேணாம்னு என்கிட்ட நோட்டையே தள்ளிவிட்டுடுவான்," என்றாள், பக்கத்தைப் பார்த்தபடியே. அந்த முகத்தில் அப்போது வந்தது என்ன என்று இவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏழு மாதம் தினமும் கண்ணாடியில் பார்த்ததுதான்.

நாத்தனார் பையைத் துழாவிப் பேனா எடுத்தாள். "பாதியில நிக்குது பாரு. இந்தப் பக்கம் ஒரு ரெண்டு போட்டா முடிஞ்சுது. நீயே போடு. கை நடுங்குதுன்னா சொல்லு, நான் போடறேன். முழுசா அனுப்புவோம்."

இவள் நோட்டை வாங்கிக்கொண்டாள். ஆறுக்கு இடப்பக்கம் வெள்ளையாக இருந்தது. மூடி மடியில் வைத்து, மேலே இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

"வேணாம் அண்ணி," என்றாள். "இது இங்கயே இருக்கட்டும்."

வாசலில் வண்டி பின்னால் நகர்ந்து வரும் சத்தம் கேட்டது. நாத்தனார் பேனாவை நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.