டப்பிக்குள் அடங்காத சீல்

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு எங்கள் தாராவி ஒர்க்‌ஷாப்பில் நான்கு பேர் இருந்தோம். முதலாளி ஜெயினுலாப்தீன் பாய், வாசலில் கிடக்கும் பழைய கார் சீட்டில். மெக்கானிக் அல்தாப், ஜாக்கியில் தூக்கிய வேனின் இடது முன்சக்கரத்துக்கு எதிரே, சாக்கின் மேல். வேனுக்குச் சொந்தக்காரரும் அதை ஓட்டுபவருமான ரஷீதா, கவிழ்த்துப் போட்ட ஆயில் டின்னில். பிரம்மநாயகம் ஆகிய நான், உதிரிகளைக் கழுவும் தட்டின் பக்கம், ஸ்டூலில். கழுவுவதும் கடைக்காகக் கடிதம் எழுதுவதும் என் வேலை.

வியாழக்கிழமை சயான் சிக்னலில் பதினான்கு பிள்ளைகளோடு அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டு புகைந்தது. பதினைந்து நாளில் மூன்றாவது முறை. என்ன கோளாறு, எதனால் என்று சனிக்கிழமை மாலை ஐந்துக்குள் ஒர்க்‌ஷாப் எழுதித் தராவிட்டால் திங்கள் முதல் வேறு வேன் என்று செம்பூர்ப் பள்ளித் தலைமையாசிரியை மீனாட்சியம்மாள் சொல்லிவிட்டார்.

இரண்டு முறை பிரேக்கைப் பிரித்து, இரண்டு முறையும் பிஸ்டனைச் சுற்றிப் புது ரப்பர் சீல் போட்டிருந்தோம். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் பிஸ்டனைச் சற்றே பின்னால் இழுப்பது அந்த சீல்தான். முதல் முறை காய்ந்திருந்தது பழைய சீல். புதுசும் நான்கு நாள் இழுக்கும். ஐந்தாம் நாள் மறந்துவிடும்.

"பிரேக் ஆயில் வர்ற ஹோஸ் உள்ளுக்குள்ள அடைச்சிருக்கும்" என்றார் பாய்.

அல்தாப் பிரேக்கை மிதித்துவிட்டுக் காலை எடுத்தார். சக்கரம் பிடித்தபடியே நின்றது. காற்று எடுக்கும் நிப்பிளைத் திறந்தார். அப்போதும் அசையவில்லை. "அழுத்தம் ஒண்ணும் தேங்கி நிக்கல பாய். ஹோஸ் மேல பழி போடாதீக. பிஸ்டன்தான் திரும்ப மாட்டேங்கு."

பிஸ்டனைக் கழற்றினார். துரு இல்லை, கீறல் இல்லை.

"எல்லாம் நல்லா இருந்தா எதுக்குப் பிடிக்கி?" என்றார் ரஷீதா. "நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தா டீச்சரம்மா எனக்கு சலாம் போட்டு அனுப்பிரும்."

"கம்பெனி சீல் கராபு, மட்டம்னு எழுதும்வே, நாயகம்" என்றார் பாய்.

"ரெண்டு தடவையும் வேற வேற கம்பெனி பாய்" என்றேன்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. 'கோளாறின் காரணம்' என்று எழுதி அடிக்கோடிட்டேன். அதன் கீழ் எழுத எதுவும் இல்லை. கழற்றியதை அதனதன் டப்பியில் போட்டு, மாட்டிய தேதியும் கழற்றிய தேதியும் குறிப்பது என் வழக்கம். சீலை அது வந்த டப்பிக்குள் வைத்தேன். அடங்கவில்லை. அமுக்கினேன். பிதுங்கிக்கொண்டு நின்றது.

ரஷீதா எழுந்து வந்தார். "இதுல இருந்துதான எடுத்தீக அண்ணாச்சி?"

"இதேதான். மாட்டுன தேதி போட்டிருக்கேன் பாருங்க."

"அப்ப தடிச்சிருச்சா?"

"நம்ம பாய் மாதிரி" என்றார் அல்தாப்.

பாய் வயிற்றைத் தடவினார். "தின்னாத்தானல தடிக்கும்? அது என்னத்தத் தின்னுச்சு?"

என் தட்டிலிருந்து மண்ணெண்ணெய் வாசம் வந்தது. போன மாதம் பக்கத்துக் கொட்டகையில் பிளாஸ்டிக் அரைக்கத் தொடங்கினார்கள். அந்தத் தூள் எதன் மேலும் படியும். அன்றிலிருந்து புதுச் சாமானையும் மண்ணெண்ணெயில் அலசித்தான் கொடுக்கிறேன். சீலை அரைமணி ஊறவும் போடுவேன்.

சொன்னேன். அல்தாப் ஒரு புது சீலை என் தட்டிலும் இன்னொன்றைப் பிரேக் ஆயிலிலும் போட்டார். இரண்டு மணிக்கு எடுத்தோம். பிரேக் ஆயிலில் கிடந்தது டப்பிக்குள் அமர்ந்தது. என் தட்டில் கிடந்தது அமரவில்லை.

பழைய ஆயிலை முழுக்க இறக்கி, புது சீலைப் பிரேக் ஆயிலில் மட்டும் நனைத்து மாட்டினார். ரஷீதா மாட்டுங்கா வரை ஓட்டிப்போய் வந்து இறங்கினார். சக்கரத்தில் கை வைத்தேன். சுடவில்லை.

பிறகு எழுதினேன்: 'தவறு வண்டியுடையதோ ஓட்டுபவருடையதோ அல்ல. ரப்பர் சீலை மண்ணெண்ணெயில் கழுவிய என்னுடையது. அது நான்கு நாள் ஏன் பொறுத்தது என்று எங்களுக்கு விளங்கவில்லை.'

பாய் இரண்டு முறை படித்தார். "விளங்கலங்கிறத எதுக்குவே எழுதுதீரு?"

"விளங்கலல்லா பாய்."

"கடைப் பேரு என்னாகும்?"

"காரணம் இல்லாத லெட்டர அந்தம்மா கையால தொடாது" என்றார் ரஷீதா. "நாலரை ஆகப்போவுது."

பாய் என்னையே பார்த்தபடி கையெழுத்திட்டு முத்திரை குத்தினார். "அந்தத் தட்ட இனி என் கண்ணுல காட்டாதயும்."

என் விரல் ஈரம் பட்டு உறையின் பசை ஒட்டவில்லை. ரஷீதா வேறு உறை வாங்கிக் கடிதத்தை வைத்து, தானே ஒட்டி, ஸ்டியரிங்குக்கு முன்னால் செருகிக்கொண்டு செம்பூருக்குக் கிளம்பினார்.